பிராங் பெசாரிலிருந்து பிரசல்ஸ் வரை: ஐரோப்பிய ஒருங்கிணைப்பு கிள்ளான் பள்ளத்தாக்கில் பாடமான வரலாறு

மலேசியாவின் டெங்கில் பட்டணத்துக்கு வடக்கே, இன்று புத்ராஜெயாவின் அமைச்சகக் கட்டடங்கள் நிற்கும் மண் 1990களின் நடுப்பகுதிவரை தோட்டக்காடாக இருந்தது. அங்கிருந்த தோட்டங்களில் ஒன்றின் பெயர் பிராங் பெசார். மலாயில் ‘பெரும் போர்’ என்று பொருள். 1914இல் சாராயேவோவில் பற்றிக்கொண்டு ஐரோப்பா முழுவதையும் எரித்த போரிலிருந்து உயிரோடு மீண்ட பிரிட்டிஷ் படையினர் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. தாங்கள் தப்பிவந்த போரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அங்கே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரப்பர் ஒட்டுவகைகள் பிபி என்ற முன்னெழுத்தோடு உலகெங்கும் போயின. பிபி 86 கேரளத்துத் தோட்டங்களிலும் பரவலாக நடப்பட்டது. மரம் கடல் கடந்து போனது எளிதாக நடந்தது. அந்த மரத்தில் பால் வெட்டிய தமிழர் கடல் கடந்த கதை அவ்வளவு எளிதன்று.

அந்தப் போரும், அது முடிந்து 21 ஆண்டுகளுக்குப் பின் வந்த அடுத்த போரும் ஐரோப்பாவில் ஒரு புது அரசியலைப் பிறப்பித்தன. அதைத்தான் இன்று ஐரோப்பிய ஒருங்கிணைப்பு என்று பாடநூல்கள் அழைக்கின்றன. அதன் எதிர்காலம் என்ன என்று மாணவர்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் கூடிப் பேசும் கோடைகாலப் பள்ளிகள் ஐரோப்பியப் பல்கலைக்கழக நகரங்களில் வழக்கமாகிவிட்டன. (கிள்ளான் பள்ளத்தாக்கில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது, மழை பெய்யும் வெயில், மழை பெய்யாத வெயில், இரண்டே. இருந்தும் ‘சம்மர் ஸ்கூல்’ என்ற சொல் நம் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகைகளில் தயக்கமின்றி ஏறிவிட்டது.) இந்தப் பாடம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது, எந்த வழியாக, யார் யாரை முன்னால் விட்டு யார் யாரைப் பின்னால் நிறுத்தி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் வாதம் இது: ஐரோப்பாவில் எல்லை முதலில் சுரங்கத் தொழிலாளிக்குத் திறந்தது, மாணவனுக்குப் பிற்பாடு. தென்கிழக்காசியாவில் முதலில் சரக்கு, அடுத்து மாணவன், தோட்டத் தொழிலாளி வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். இந்த வரிசை மாற்றத்தைக் கவனிக்காமல் ஐரோப்பிய ஒன்றியத்தையும் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானையும் ஒப்பிடும் வகுப்பு பாதி வகுப்புதான்.

கூடிப் படித்தல் என்ற யோசனை

போர் ஐரோப்பாவில் முடிந்தது 1945 மே மாதம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதியில் அல்ப்பாக் என்ற சிற்றூரில் ஓட்டோ மோல்டனும் தத்துவ ஆசிரியர் சைமன் மோசரும் மாணவர்களையும் அறிஞர்களையும் கூட்டி உயர்கல்வி வாரங்கள் என்று ஒரு கூட்டம் நடத்தினார்கள். நாடு நான்கு படைகளின் பிடியில் இருந்த நேரம் அது. பிற்காலத்தில் ஐரோப்பிய மன்றம் என்று பெயர் பெற்று அது இன்றும் ஆண்டுதோறும் கோடையில் நடக்கிறது. அரசுகள் ஒப்பந்தம் எழுதும் முன்பே மாணவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

1948 மே மாதம் ஹேக் நகரில் கூடிய ஐரோப்பிய மாநாட்டில் ஸ்பானிய எழுத்தாளரும் இராஜதந்திரியுமான சால்வதோர் தெ மதாரியாகா, பகைநாட்டு மாணவர்கள் ஒரே கூரையின்கீழ் தங்கிப் படிக்கும் கல்லூரி ஒன்று வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் ஐரோப்பியக் கல்லூரி எழுந்தது. முதல் தலைவர் ஹென்ட்ரிக் புருக்மன்ஸ். ஃபுளோரன்சில் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் 1976இல் மாணவர்களை எடுத்தது. ஆனால் இவை எல்லாம் சிலருக்கான இடங்கள். சாதாரணக் கல்லூரி மாணவன் அரைப் பருவமாவது அயல்நாட்டில் படித்துவிட்டு வரலாம் என்ற நிலை 1987இல் எராஸ்முஸ் திட்டத்தோடுதான் பிறந்தது. முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர் போனார்கள். ஐரோப்பிய ஒருங்கிணைப்பைப் பாடமாக நடத்தும் பேராசிரியர் பதவிகளுக்கும் குறுகியகால வகுப்புகளுக்கும் நிதி தரும் ழான் மொனே திட்டம் 1989இல் வந்தது. பின்னாளில் அது ஐரோப்பாவுக்கு வெளியிலும் கைநீட்டியது.

1987 என்ற ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகத்துக்கான ஒப்பந்தம் 1951இல் கையெழுத்தாகி 36 ஆண்டு கழிந்தபின் மாணவன் வருகிறான். அவனுக்கு முன்னால் யார் வந்தது?

நிலக்கரியும் ரப்பரும்

1946 ஜூனில் இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பெல்ஜியச் சுரங்கங்களுக்கு 50,000 இத்தாலியர் வேலைக்குப் போவார்கள். பதிலுக்கு இத்தாலிக்கு நிலக்கரி கிடைக்கும். ஆளுக்குக் கரி. தமிழ் வாசகருக்கு இதன் சாயல் அந்நியமாகத் தோன்றாது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் (அப்போது போர்ட் ஸ்வெட்டன்ஹாம்) கப்பல் ஏறியவர்களின் கதையும் கணக்கில் ஆளுக்கு ரப்பர்தான். ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிந்தபின், கங்காணி ஊருக்குப் போய் உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்து வந்தான். 1907இல் சட்டமான தமிழ்க் குடியேற்ற நிதிக்கு ஒவ்வொரு தோட்டமும், தான் வேலை வாங்கிய இந்தியரின் வேலைநாட்களைக் கணக்கிட்டுப் பணம் கட்டியது. கப்பல் கட்டணம் அதிலிருந்து போனது. ஒரு பேரரசுக்குள் ஆட்கள் எல்லை தாண்ட அமைந்த இந்த ஏற்பாட்டை ‘ஒருங்கிணைப்பு’ என்று சொல்லத் தடையில்லை. சந்தை ஒன்று, நாணயப் போக்கு ஒன்று, முதலீடு லண்டனில், மரம் சிலாங்கூரில், ஆள் தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும். அதில் இல்லாதது ஒன்றுதான்: போனவனுக்குப் போன இடத்தில் எந்த உரிமையும் கிடையாது.

இனி இரண்டு நிறுத்தங்களை எடுத்துக்கொள்வோம். 1938 ஜூனில் இந்திய அரசு, உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தை மலாயாவுக்குத் தடை செய்தது; கூலிக் குறைப்பே காரணம். 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் மாண்டார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர். இத்தாலி அந்தச் சுரங்கங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அனுப்பும் நாடு சினந்து கதவடைத்தது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. அடுத்து நடந்தது வேறு. இத்தாலி அந்நேரம் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஒப்பந்தத்தை எழுதும் மேசையில் சம உறுப்பினராக உட்கார்ந்திருந்தது. தன் ஆட்கள் போகும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதாமல் எழுந்திருக்க மாட்டோம் என்று அழுத்தியது. 1951 பாரிஸ் ஒப்பந்தத்தின் 69ஆம் பிரிவு, தேர்ச்சிபெற்ற நிலக்கரி, எஃகுத் தொழிலாளர்களுக்கு மட்டும் வழிவிட்டிருந்தது. 1957 மார்ச் 25 அன்று கையெழுத்தான ரோம் ஒப்பந்தத்தின் 48ஆம் பிரிவு எல்லாத் தொழிலாளர்க்கும் அதை விரித்தது. இந்திய அரசுக்கோ கோலாலம்பூரில் ஒரு முகவர் இருந்தார், அறிக்கை எழுதினார், மேசையில் இடம் அவருக்கு இல்லை.

ரோம் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இயற்றிய ஒழுங்குவிதிகளில் மூன்றாவது எண் கொண்டது, இடம்பெயர்ந்த தொழிலாளரின் சமூகப் பாதுகாப்பு பற்றியது. ஆண்டு 1958. இத்தாலியன் பெல்ஜியத்தில் கட்டிய ஓய்வூதியத் தவணை அவன் வீடு திரும்பினாலும் கணக்கில் சேரும். எர்ன்ஸ்ட் ஹாஸ் தம் ‘ஐரோப்பாவை ஒன்றிணைத்தல்’ என்ற நூலை வெளியிட்டதும் அதே 1958இல்தான். ஒரு துறையில் கூடினால் அது அடுத்த துறைக்கு வழிந்தோடும் என்ற அவருடைய கோட்பாட்டை நம் மாணவர்கள் இன்றும் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். வழிந்தோடியது வரித்தீர்வையில் மட்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். தொழிலாளியின் ஓய்வூதியத் தவணைப் புத்தகத்தில் முதலில் வழிந்தோடியது என்பதை விடைத்தாளில் நான் பார்த்ததில்லை.

இப்போது 1968. அவ்வாண்டு அக்டோபர் 15 அன்று ஐரோப்பியச் சமூகம் 1612/68 எண்ணிட்ட ஒழுங்குவிதியை இயற்றித் தொழிலாளரின் தடையற்ற நடமாட்டத்தை முழுமையாக்கியது; வேலை பெர்மிட் என்ற சீட்டு ஆறு நாட்டவர்க்கும் தேவையற்றதானது. அதே 1968இல் மலேசிய நாடாளுமன்றம் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். சிவப்பு அடையாள அட்டையோடு பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், குடியுரிமைக்கு மனுச் செய்யத் தெரியாதவர்கள், செய்தும் முடியாதவர்கள் திடீரென்று தங்கள் சொந்த நிரையில் அந்நியர் ஆனார்கள். 1969, 1970 ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பியதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஒரே ஆண்டு, ஒரே சொல்: பெர்மிட். ஓரிடத்தில் கிழித்தார்கள், இன்னோரிடத்தில் அச்சடித்தார்கள்.

ஐரோப்பாவைப் புனிதமாக்கிக் காட்டுவது என் நோக்கமில்லை. 1612/68 உறுப்பு நாட்டவர்க்கு மட்டுமே. ஜெர்மனியில் உழைத்த துருக்கியர் அதற்கு வெளியே நின்றார்கள். பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. 1962இலேயே காமன்வெல்த் குடியேறிகளுக்குக் கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. 1973 ஜனவரி 1 அன்று அது ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. 1971ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாள். லண்டன் கம்பெனிகளுக்காக இரண்டு தலைமுறை பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு அன்று காலை அந்நாடு முன்னைவிடத் தொலைவானது. மார்சினெல்லில் இறந்தவனின் தம்பிக்கு அருகில் வந்தது.

வட்டுக்கோட்டையில் பிறந்தவர் பாங்காக்கில்

1967 ஆகஸ்ட் 8 அன்று, மார்சினெல் விபத்துக்குச் சரியாகப் பதினோராண்டு கழித்து (தற்செயல்தான், இருந்தும் நாட்காட்டியைப் புரட்டும்போது கண்ணில் குத்துகிறது), பாங்காக்கில் ஐந்து அமைச்சர்கள் ஆசியான் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். இந்தோனேசியாவின் ஆதம் மாலிக், மலேசியாவின் துன் அப்துல் ரசாக், பிலிப்பைன்சின் நார்சிசோ ராமோஸ், தாய்லாந்தின் தானாட் கோமான், சிங்கப்பூரின் சி. இராஜரத்தினம். ஐந்தாமவர் 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்தவர். தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். சிரம்பானில் வளர்ந்து, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்தவர். 1930களில் சட்டம் படிக்க லண்டன் போய், போர்க்காலம் முழுவதும் அங்கேயே தங்கி எழுத்தாளராகவும் இதழாளராகவும் மாறியவர். ஐரோப்பா தன்னைத்தானே தின்றதை நேரில் கண்டவர் என்று சொல்லலாம்.

பாங்காக்கில் அவர் ஆற்றிய உரையில் ஒரு சொல் முக்கியம். வெளியார் நம்மைத் துண்டாடி இன்னொரு பால்கன் ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்; நாட்டு நலனை வட்டார நலனோடு நிறுத்துப் பார்க்கப் பழகுவது வேதனையான காரியம் என்றும் எச்சரித்தார். பிராங் பெசார் என்ற தோட்டத்துக்குப் பெயர் தந்த போர் பால்கன் மூலையில் தொடங்கியது. தோட்ட மண்ணில் வளர்ந்த ஒரு தமிழர், அதே மூலையின் பெயரை எச்சரிக்கையாகச் சொல்லித் தென்கிழக்காசியாவின் கூட்டமைப்பைத் தொடங்கிவைக்கிறார். ஐரோப்பாவிலிருந்து ஆசியான் கற்றது அமைப்பு வடிவத்தை அன்று, அச்சத்தை.

வடிவம் உண்மையில் வேறாகவே இருந்தது. நிலக்கரி எஃகுச் சமூகத்துக்கு நாடுகளுக்கு மேலான ஓர் உயர் ஆணையம் முதல் நாளே இருந்தது. ஆசியானுக்கு நிரந்தரச் செயலகம் ஜாகார்த்தாவில் அமைந்ததே 1976இல். சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக அதை மாற்றிய சாசனம் 2007இல் கையெழுத்தாகி 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மலாயில் முஷாவாரா, முஃபாக்காட் என்பார்கள்: கலந்து பேசி, ஒருமித்து முடிவு. வாக்கெடுப்பு கிடையாது. அமிதாவ் ஆச்சார்யா போன்றோர் இதை ஐரோப்பிய அளவுகோலால் அளக்கக் கூடாது என்று வாதிட்டது நியாயமே. ஆனால் இந்த ஒருமித்தலில் அமைச்சர்களின் குரல் கேட்டது. தொழிலாளரின் குரல் எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை. அந்தக் குறையை ‘நம் வழி’ என்று சொல்லி மூட முடியாது.

வாங்குபவன் ஒருவனானபோது

பிரிட்டன் ஐரோப்பாவுக்குப் போனது மலேசியாவுக்கு வயிற்றில் அடித்த செய்தி. காமன்வெல்த் சலுகைத் தீர்வை போய்விடும். 1972இல் ஆசியான் நாடுகள் சேர்ந்து ஐரோப்பியச் சமூகத்தோடு பேச ஒரு சிறப்பு ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தன. ஆசியான் ஒரே குரலில் வெளியாரோடு பேசப் பழகியது பெரும்பாலும் இந்தப் பேச்சுகளில்தான். வாங்குபவர்கள் ஒன்றாகிவிட்டார்கள், விற்பவர்களும் ஒன்றாக வேண்டியிருந்தது. 1978 நவம்பரில் இருதரப்பு அமைச்சர்களும் பிரசல்சில் முதன்முறை கூடினார்கள். 1980 மார்ச் 7 அன்று ஐரோப்பியச் சமூகமும் ஆசியானின் ஐந்து நாடுகளும் ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இடம் கோலாலம்பூர்.

அதே 1980இல் பன்னாட்டு இயற்கை ரப்பர் அமைப்பின் தலைமையகமும் கோலாலம்பூரில் அமைந்தது. விலை சரிந்தால் வாங்கிக் கையிருப்பு வைக்க, ஏறினால் விற்க, உற்பத்தி நாடுகளும் நுகரும் நாடுகளும் ஒரே சபையில். ஐரோப்பியச் சமூகம் அங்கே நுகர்வோர் தரப்பு உறுப்பினர். பிராங் பெசார் மரத்தின் விலையை முடிவுசெய்யும் பேச்சில் ஐரோப்பா ஒரே நாற்காலியில் உட்கார்ந்த இடம் இதுதான். அந்த அமைப்பு 1999இல் கலைந்தது. அதற்குள் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது.

செம்பனையோடு பழைய உரசல் புது வடிவில் திரும்பியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறையும் அதன் துணைவிதிகளும் பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் எரிபொருளை 2030க்குள் இலக்குக் கணக்கிலிருந்து விலக்க வழிசெய்தன. 2021 ஜனவரியில் மலேசியா உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச்சில் வெளியான குழு அறிக்கை, விதியின் நோக்கத்தை ஏற்று, நடைமுறைப்படுத்திய முறையில் குறை கண்டது. இரு தரப்பும் தாமே வென்றதாகச் சொல்லிக்கொண்டன. 2010இல் தொடங்கி 2012இல் நின்ற மலேசிய – ஐரோப்பியத் தடையற்ற வணிகப் பேச்சு 2025 ஜனவரியில் மீண்டும் உயிர்பெற்றது.

வகுப்பறைக்குள்

ஐரோப்பா இங்கே பாடமாவதற்கு முன்பே ஐரோப்பிய அறிஞர்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் திரளாக வந்து மாணவர்களோடு ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தது உண்டு, ஐரோப்பாவைப் பற்றிப் பேச அன்று. தமிழைப் பற்றிப் பேச. 1966 ஏப்ரலில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாடு பற்றியே சொல்கிறேன். அதை நடத்திய உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் புதுதில்லியில் தோன்றியபோது தலைவர் பிரான்சின் ழான் ஃபிலியோசா. செயலாளர்கள் தனிநாயக அடிகளும் பிராகாவின் கமில் சுவலபிலும். இரும்புத்திரை ஐரோப்பாவை இரண்டாகக் கிழித்திருந்த காலத்தில் திரையின் இரு பக்கத்தாரும் ஒரு தமிழ் மன்றத்தின் பொறுப்பில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஐரோப்பிய ஒருங்கிணைப்பு வரலாறுகளில் இது இடம்பெறுவதில்லை. பெற வேண்டும் என்று அடம்பிடிக்கவும் முடியாது, ஆனாலும் சொல்லிவைக்கலாம்.

ஐரோப்பா பாடமாக வந்தது முப்பது ஆண்டு கழித்து. பின்னணியில் ஒரு கோபம் உண்டு. ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தையும் வட அமெரிக்காவின் வணிகக் கூட்டும் கோட்டை மதில்களாக எழுவதைப் பார்த்து, 1990 டிசம்பரில் பிரதமர் மகாதீர் கிழக்காசியப் பொருளாதாரக் கூட்டமைப்பு என்ற யோசனையை வைத்தார். அமெரிக்கா எதிர்த்தது, யோசனை உறங்கியது. 1994இல் சிங்கப்பூரின் கோ சோக் டோங் ஆசியாவும் ஐரோப்பாவும் நேராகப் பேசலாமே என்றார். 1996 மார்ச் 1, 2 நாட்களில் பாங்காக்கில் முதல் ஆசிய – ஐரோப்பியக் கூட்டம் (ஆசெம்) நடந்தபோது, மலேசியாவில் ஓர் ஆசிய – ஐரோப்பியக் கல்வி மையம் அமைப்பது பேசப்பட்டது. 1997இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குள் ஆசிய – ஐரோப்பிய நிறுவனம் தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஆசிய – ஐரோப்பிய அறக்கட்டளை பிறந்தது. அதன் கோடைகாலப் பல்கலைக்கழகம் 1998 முதல் இரு கண்டத்து மாணவர்களைச் சில வாரங்கள் ஒன்றாக வைத்துப் படிப்பித்து வருகிறது. ஒரு பக்கம் ஐரோப்பாவின் மதிலைக் கண்டு சினந்தவர் மகாதீர். மறுபக்கம் அந்த மதில் எப்படிக் கட்டப்பட்டது என்று படிக்க நிறுவனம் வைத்ததும் அவர் அரசே. முரண்பாடாகத் தெரியலாம். எதிராளியின் கணக்கைப் படிப்பது நல்ல வணிகனின் முதல் வேலை.

அந்நிறுவனத்தின் முதுநிலைப் படிப்புகளில் வட்டார ஒருங்கிணைப்பு என்பது ஒன்று. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியானும் ஒப்பீட்டுப் பொருள்கள். மாணவர்களின் நடமாட்டத்துக்கான ஏற்பாடுகள் வேறு வழியில் வளர்ந்தன. ஆசியான் பல்கலைக்கழக வலையமைப்பு 1995இல். மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் சோதனையாகத் தொடங்கிய மாணவர் பரிமாற்றத் திட்டம் 2010இல். பிற்பாடு எய்ம்ஸ் என்ற பெயரில் விரிந்தது. அதை நடத்தும் தென்கிழக்காசிய உயர்கல்வி மையம் எராஸ்முசை முன்மாதிரியாகக் கொண்டதை மறைப்பதில்லை. 2015 முதல் 2022 வரை ஷேர் என்ற திட்டத்தில் ஐரோப்பிய ஒன்றியமே பணம் கொடுத்து, பட்டப் புள்ளிகளை நாட்டுக்கு நாடு ஏற்றுக்கொள்ளும் முறையை இங்கே வளர்த்தது. ஆக எராஸ்முஸ் வந்துவிட்டது. ஒழுங்குவிதி எண் 3 வரவில்லை.

ஐரோப்பாவில் எதிர்காலம் பற்றிய பேச்சிலும் இளையோருக்கு இடம் கொடுக்க முயன்றார்கள். 2017 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் ஐந்து சாத்தியப் பாதைகளை வரைந்து ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பிரிட்டன் விலக வாக்களித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. 2021 மே 9 முதல் ஓராண்டு நடந்த ஐரோப்பாவின் எதிர்காலம் குறித்த மாநாட்டில் குலுக்கல் முறையில் 800 குடிமக்களைத் தேர்ந்தார்கள்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் 16 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள். 49 முன்மொழிவுகள் வந்தன. பெரும்பாலானவை ஏட்டில் தங்கிவிட்டன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டெங்கிலில் நின்று பார்த்தால்

1995க்குப் பின் புத்ராஜெயா எழுந்தது, 1998 ஜூனில் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறந்தது, நடுவில் சைபர்ஜெயா. டெங்கில் பட்டணம் இவற்றுக்கிடையில் மாட்டிக்கொண்டது. ஈயம் எடுத்து விட்டுப்போன குட்டைகள் பாயா இண்டா சதுப்பு நிலமாயின. பிராங் பெசார், செஜ்லி, மெடிங்லி, காலவே தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிமாற்றப்பட்டார்கள். சுவர் வெடித்த வீடுகள் பற்றியும், வாக்களிக்கப்பட்ட தரைவீடுகள் பற்றியும் அவர்கள் நடத்திய போராட்டம் இருபது ஆண்டுக்கு மேல் தமிழ் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. ஆசியான் கூட்டங்களுக்கு வரும் தலைவர்களின் கார்கள் விமான நிலையத்திலிருந்து இந்தப் பக்கமாகத்தான் விரைகின்றன.

அந்தக் கூட்டங்களில் கோலாலம்பூரின் பங்கு பெரிது. 1971இல் அமைதி, சுதந்திர, நடுநிலை வட்டாரப் பிரகடனம்; 1997இல் ஆசியான் 2020 தொலைநோக்கு; 2015 நவம்பரில் ஆசியான் சமூகம் அமைந்ததை அறிவித்த பிரகடனம்; 2025 மே மாதம் 2045ஐ நோக்கிய அடுத்த தொலைநோக்கு; 2025 அக்டோபர் 26 அன்று பதினோராம் உறுப்பாகத் தீமோர் லெஸ்தே. எல்லாம் இந்நகரில்தான். ஆள் நடமாட்டம் பற்றி இவற்றோடு வந்தது என்ன? பொறியாளர், தாதியர், மருத்துவர், பல் மருத்துவர், கட்டடக் கலைஞர், நில அளவையாளர், கணக்காளர், சுற்றுலாப் பணியாளர் என எட்டுத் தொழில்களுக்குத் தகுதி ஏற்பு உடன்பாடுகள். பால் வெட்டுபவரும் குலை அறுப்பவரும் எட்டில் இல்லை. இன்று தோட்டங்களில் அந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். அவர்களிலும் இந்தோனேசியர் அதிகம், ஆசியான் குடிமக்களே. அவர்கள் கையில் இருப்பது 1968இன் வாரிசான அதே சீட்டு.

அசைவே இல்லை என்று சொல்வது தவறு. 2007இல் செபுவிலும் 2017இல் மணிலாவிலும் இடம்பெயர் தொழிலாளர் பற்றி ஆசியான் தலைவர்கள் ஆவணங்கள் ஏற்றார்கள். கட்டாயப்படுத்தும் பல் அவற்றுக்கு இல்லை. மலேசியாவில் 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் விபத்துக் காப்பில் சேர்ந்தார்கள். 2025 அக்டோபர் முதல் அவர்களுக்கும் இ.பி.எஃப். சேமநிதிச் சந்தா கட்டாயமாயிற்று. தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. சமூகப் பாதுகாப்புப் பயன்களை நாடுவிட்டு நாடு கொண்டுபோகலாம் என்று ஆசியான் பிரகடனம் செய்தது 2022இல். ஐரோப்பாவின் மூன்றாம் ஒழுங்குவிதிக்கு 64 ஆண்டு பிந்தி. பிரகடனத்துக்கும் விதிக்கும் உள்ள தூரத்தை அந்த 64இல் நான் சேர்க்கவில்லை.

இனி வரப்போகும் ஒன்று. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய காடழிப்புத் தடுப்பு ஒழுங்குவிதி ஏழு பொருள்களைக் குறிக்கிறது. ரப்பரும் பனை எண்ணெயும் அவற்றில் உண்டு. நடைமுறை மீண்டும் மீண்டும் தள்ளிப்போடப்பட்டிருந்தாலும், அதன்படி ஐரோப்பாவுக்குள் போகும் சரக்கு எந்தத் துண்டு நிலத்தில் விளைந்தது என்பதை ஆயத்தொலைவோடு காட்ட வேண்டும். பிராங் பெசாருக்கு அந்த வேலை இல்லை. அங்கே மரம் இல்லை. அங்கே பிறந்த பிபி 260 வகை நிற்கும் நிலங்களுக்கு உண்டு. அதே ஒழுங்குவிதி, சரக்கு உற்பத்தி நாட்டின் சட்டங்களுக்கு, தொழிலாளர் உரிமைச் சட்டங்கள் உட்பட, உட்பட்டு விளைந்ததா என்றும் கேட்கிறது. டெங்கிலைச் சுற்றி மிஞ்சியிருக்கும் தோட்டங்களில் அந்தக் கேள்விக்கான கட்டத்தை நிரப்பப் போகிறவர் ஆபீஸ் கிராணி.